14 அங்குல லேப்டாப்: ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஒன்றே போதும், கடலூர்–பாண்டி பஸ்ஸில் தூக்கிப் போக வேண்டும்

கெடிலக்கரை | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் பாண்டிச்சேரியில் கடை கடையாகப் போய்க் கணக்கு முடித்துக் கொடுக்கிற வேலை. இப்போது கையில் இருப்பது 2017-இல் வாங்கிய 15.6 அங்குல லேப்டாப். ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். சார்ஜரோடு சேர்த்தால் இரண்டரை கிலோவுக்கு மேல் வரும். காலை பஸ்ஸில் பல நாள் தவளக்குப்பம் வரை நின்றுகொண்டுதான் போகிறேன். தோள் வலிக்கு மருந்து தடவாத வாரமே இல்லை.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. என் லேப்டாப் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. வாடிக்கையாளர்களின் பான் எண், வங்கிக் கணக்கு எல்லாம் இதில் இருக்கும்போது பாதுகாப்பு அப்டேட் இல்லாத மெஷினை வைத்திருக்க எனக்கே மனசு ஒப்பவில்லை.

வேலை: டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), பெரிய பெரிய எக்செல் ஃபைல்கள், பிரவுசரில் இருபது டேப், டி.எஸ்.சி. டோக்கன் (டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் யு.எஸ்.பி. சாதனம்). மாலையில் மகள் எடுத்துக்கொள்வாள், கல்லூரி முதலாம் ஆண்டு. பட்ஜெட் 70 ஆயிரம். நேரு வீதியில் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டேன். இரண்டிலும் பிராசசர் பெயரைத்தான் சொல்கிறார்களே தவிர, என் வேலை என்னவென்று யாரும் கேட்கவில்லை. 14 அங்குலம் கணக்கு வேலைக்குப் போதுமா? நம்பர் பேட் இருக்காது என்கிறார்களே?

தேவனாம்பட்டினம் அலை | செவ்வாய், இரவு 10.15

14 போதும். ஆனால் எந்த 14 என்பதுதான் விஷயம். பழைய வகை 14 அங்குலத் திரை 1920-க்கு 1080. இப்போது வருகிற பல மாடல்களில் 1920-க்கு 1200, கொஞ்சம் உயரமான திரை. 120 புள்ளி கூடுதல் என்றால் அப்படியென்ன என்று தோன்றும். விண்டோஸில் எழுத்தை 125 சதவீதத்துக்கு வைத்துக்கொண்டு எக்செல் திறந்து பாருங்கள், ஏறக்குறைய ஐந்து வரி அதிகம் தெரியும். நாள் முழுக்கக் கணக்கு பார்க்கிறவருக்கு அந்த ஐந்து வரி பெரிய நிம்மதி. உங்கள் 15.6-இல் தெரிவதை விட இதில் அதிகம் தெரிந்தாலும் ஆச்சரியமில்லை.

திரை வெளிச்சத்தையும் கேளுங்கள். 250 நிட்ஸ் என்றால் வேண்டாம். கடை வாசல் பக்கம் மேஜை போட்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. 300-க்குக் கீழே போகாதீர்கள், 400 கிடைத்தால் விடாதீர்கள். பளபளப்புத் திரை வேண்டவே வேண்டாம்.

ராம் 16 ஜிபி. பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்று 8 வாங்காதீர்கள். மெல்லிய மாடல்கள் நிறைய போர்டிலேயே ராமைப் பற்றவைத்து வருகின்றன, கூட்டவே முடியாது. ஸ்லாட் இருந்தாலும், 2025 கடைசியில் ஏறத் தொடங்கிய ராம் விலையில் தனியாக வாங்குவது வலிக்கும்.

சிப்காட் ஷிஃப்ட் | புதன், காலை 6.50

நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் கருத்து வேறு. 70-க்கு மேலே கொஞ்சம் புரட்ட முடிந்தால் மேக்புக் ஏர் எடுங்கள். 1.24 கிலோதான். விசிறியே கிடையாது, சத்தமும் இல்லை தூசியும் இல்லை. காலையில் சார்ஜ் போட்டுவிட்டு சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். என் தங்கை மூன்று வருஷமாக வைத்திருக்கிறாள், ஒரு குறை சொன்னதில்லை.

கெடிலக்கரை | புதன், மதியம் 1.20

நன்றி தம்பி. எடை ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் டேலி பிரைம் விண்டோஸுக்கானது. அப்புறம் டி.எஸ்.சி. டோக்கன். கம்பெனிகளுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்னை டி.எஸ்.சி. போட்டுத்தான் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கலுக்குக் கடைசி நாளான 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி நெருங்கும்போது டோக்கன் தெரியவில்லை என்று ஸ்க்ரீன் சொன்னால் என் நிலைமை என்ன? என்னிடம் இருக்கிற டோக்கன் எல்லாமே பழைய அகல யு.எஸ்.பி. வகை. ஏரில் டைப்-சி மட்டும்தானே. குட்டி அடாப்டர் போடலாம், ஆனால் அதைப் பஸ்ஸில் தொலைக்கிற நாள் சரியாக 20-ஆம் தேதியாகத்தான் இருக்கும். எனக்கு அந்த அகலத் துளை மெஷினிலேயே வேண்டும், இரண்டு இருந்தால் நல்லது.

தேவனாம்பட்டினம் அலை | புதன், மதியம் 1.45

அக்கா சொல்வது சரி. இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்நாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்பும் கடையில் காட்டுவார்கள். பேட்டரி அருமையாக நிற்கும். சாதாரண மென்பொருள் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் டிரைவர் (இணைக்கும் கருவியை இயக்கும் மென்பொருள்) என்று வரும்போது அந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். டோக்கன், பழைய பிரின்டர், கடைகளில் இருக்கும் பார்கோடு சாமான்கள் எல்லாம் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். உங்கள் தொழிலுக்கு இன்டெல் அல்லது ஏ.எம்.டி. போதும்.

முதலியார்பேட்டை சர்வீஸ் | புதன், இரவு 11.05

கடையைச் சாத்திவிட்டு இப்போதுதான் படித்தேன். பதினோரு வருஷமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் கடற்கரை ஊர்களுக்கென்று ஒரு நோய் இருக்கிறது, உப்புக்காற்று. போன வாரம் வீராம்பட்டினத்திலிருந்து ஒரு மெஷின் வந்தது. வாங்கி இரண்டரை வருஷம். கீழ் மூடியைத் திறக்கவே ஒரு மணி நேரம், ஆறு ஸ்க்ரூவின் தலையும் துருப்பிடித்து, திருப்பினால் மாவாக உதிர்கிறது. உள்ளே யு.எஸ்.பி. வாயில் பச்சை பூத்திருந்தது. விசிறி இதழ்களில் தூசி ஈரத்தோடு சேர்ந்து களிமண் மாதிரி அப்பியிருந்தது. அந்தப் பையன் கடல் பார்த்த ஜன்னலோரம் மேஜை போட்டு, ராத்திரியும் அப்படியே திறந்து வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறான். உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் நின்ற இடத்தில் செம்பு அரிக்கும். நடந்தது அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் மூடிப் பைக்குள் வையுங்கள், பையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். வாரக்கணக்கில் ஓட்டாமல் வைக்காதீர்கள், தினம் ஓடுகிற மெஷினில் அந்தச் சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை விசிறியைச் சுத்தம் செய்து, பிராசசர் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றினால் போதும்.

வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது ஹின்ஜ், அதாவது திரையை அடிப்பாகத்தோடு இணைக்கும் கீல். என் மேஜைக்கு வருகிறவற்றில் பாதிக்கு வியாதி அங்கேதான். ஹின்ஜைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் இறங்குவது பிளாஸ்டிக்கில் பதித்த குட்டிப் பித்தளைக் குமிழ்களில். திரையை ஒரு மூலையைப் பிடித்துத் திறந்து திறந்து பழகினால் ஒரு பக்கக் குமிழ் பிளந்துவிடும், அப்புறம் மூடும்போதெல்லாம் பக்கவாட்டில் வாய் பிளக்கும். கடையில் திரையின் நடுவில் ஒரே விரலால் தூக்கிப் பாருங்கள். அடிப்பாகம் சேர்ந்து எழும்பினாலும் பரவாயில்லை, ஆனால் கடகடவென்று ஆடக் கூடாது. கீபோர்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள், பள்ளம் விழுந்தால் நாள் முழுக்கத் தட்டுகிறவருக்கு அது ஆகாது.

பிராசசரைப் பற்றிக் கடைக்காரர் பேசட்டும். ஆனால் நான்கு வருஷம் கழித்து என்னிடம் வருகிறவர்கள் யாரும் பிராசசர் போதவில்லை என்று வருவதில்லை. திரை, கீபோர்டு, ஹின்ஜ், பேட்டரி, சார்ஜர் வாய். இந்த ஐந்துக்குத்தான் வருகிறார்கள்.

பாகூர் வாத்தியார் | வியாழன், காலை 7.30

நான் ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்பது) வாங்கியவன், அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனிகள் மூன்று, நான்கு வருஷம் பயன்படுத்திக் கழித்துவிடும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலீட்புக் வகைகள் புது லேப்டாப்பில் பாதி விலைக்கும் குறைவாகவே கிடைக்கின்றன. என் திங்க்பேட் டி480 2018 மாடல். எட்டாம் தலைமுறை இன்டெல் என்பதால் விண்டோஸ் 11 முறையாகவே ஏறுகிறது. இரண்டு ராம் ஸ்லாட், பின்பக்கப் பேட்டரியைக் கழற்றி மாட்டலாம். கீபோர்டில் வினாத்தாள் தட்டச்சு செய்யும்போது விரலுக்கு ஒரு சுகம். தமிழ்99 விசைப்பலகை அமைப்பு விண்டோஸிலேயே இருப்பதால் தனியாக எதையும் நிறுவவில்லை. மகளுக்கும் சேர்த்து என்றால் 70 ஆயிரத்தில் இரண்டாகவே வாங்கிவிடலாமே, யோசியுங்கள்.

முதலியார்பேட்டை சர்வீஸ் | வியாழன், காலை 9.10

வாத்தியார் சொல்வது நல்ல மெஷின்தான், நானே விற்றிருக்கிறேன். ஆனால் வாங்குகிறவர் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்க்க வேண்டும். புதிதில் 50 வாட்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) இருந்தது இப்போது 30 நிற்கிறது என்றால் மாற்றுச் செலவையும் விலையில் கழிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் பேட்டரி சில மாதத்தில் உப்பி, டச்பேடை மேலே தள்ளியதைப் பார்த்திருக்கிறேன். உப்பிய பேட்டரியோடு ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். அக்காவுக்கு 20-ஆம் தேதி மெஷின் நிற்கக் கூடாது என்பதுதான் முக்கியம், அதனால் வேலைக்குப் புதியது, வாரண்டியோடு. மகளுக்கு வேண்டுமானால் பிறகு ஒரு ரீஃபர்பிஷ்டு.

பாகூர் வாத்தியார் | வியாழன், காலை 9.25

ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு ஒரு நாள் மெஷின் நின்றால் பள்ளிக் கம்ப்யூட்டர் இருக்கிறது, அவருக்கு அப்படியில்லை.

கம்மியம்பேட்டை கார்த்தி | வியாழன், மாலை 5.30

பிராசசரை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம், ஏனென்றால் பெயரில்தான் ஏமாற்றம் நடக்கிறது. ஏ.எம்.டி. ரைசன் 5 7520யு என்று ஒன்று, 7530யு என்று ஒன்று. ஒரே ஒரு இலக்கம் வித்தியாசம், கடையில் ஒரே மேஜையில் இருக்கும். முதலாவது நான்கு கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதி), ஜென் 2 என்ற பழைய வடிவம். இரண்டாவது ஆறு கோர், ஜென் 3. அந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் எந்த ஜென் என்று சொல்கிறது. 7540யு என்றால் ஜென் 4.

இன்டெல்லில் கோர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். ஐ5-1335யுவில் பத்துக் கோர், ஆனால் வேகமானவை இரண்டுதான், மீதி எட்டும் சிறியவை. 13420எச்சில் மொத்தம் எட்டு, அதில் வேகமானவை நான்கு. பெரிய எக்செல்லுக்கு இரண்டாவது சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் எச் வகை மின்சாரம் கூடக் குடிக்கும், விசிறியும் சத்தம் போடும். பஸ்ஸும் பையுமாக அலைகிற உங்களுக்கு யு வகை போதும் என்பது என் எண்ணம்.

தேவனாம்பட்டினம் அலை | வியாழன், இரவு 8.50

பேட்டரிக்கு ஒரு எளிய கணக்கு. பெட்டியில் போட்டிருக்கும் "15 மணி நேரம்" எல்லாம் வெளிச்சத்தைக் குறைத்து வீடியோ ஓடவிட்டு எடுத்தது. வாட்-அவர் எவ்வளவு என்று பாருங்கள். டேலி, எக்செல், பிரவுசர் என்று சாதாரணமாக ஓட்டினால் சராசரி 8 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 42 வாட்-அவர் ஐந்து மணி நேரம் வரும், 57 ஏழு மணி நேரம் வரும். இந்த வித்தியாசத்தில்தான் சார்ஜரைத் தூக்கலாமா வேண்டாமா என்பது இருக்கிறது.

டைப்-சியில் சார்ஜ் ஏறுகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். 2011 டிசம்பர் 30 'தானே' புயலுக்கு அப்புறம் எங்கள் பக்கம் எத்தனை வாரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று உங்களுக்கே தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்தபோது எனக்குக் கைகொடுத்தது டைப்-சி வழியாக 65 வாட் வெளியிடும் பவர் பேங்க். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-அவர், வழியில் வீணாவது போக 60 சொச்சம் லேப்டாப்புக்கு வந்து சேரும். ஒரு முழு சார்ஜ்.

நெல்லிக்குப்பம் ரோடு | வெள்ளி, காலை 10.00

ஒரு சந்தேகம். பாண்டியில் வாங்கினால் விலை குறையுமா? எங்கள் அப்பா காலத்தில் எதை வாங்கினாலும் அங்கேதான் போவார்.

கெடிலக்கரை | வெள்ளி, காலை 10.40

இது என் துறை, நானே சொல்கிறேன். வரி வித்தியாசத்துக்காகப் பாண்டிக்குப் போன காலம் 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு போய்விட்டது. லேப்டாப்புக்கு இரண்டு ஊரிலும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. விலை குறைந்தால் அது கடைக்காரர் தருகிற தள்ளுபடிதான்.

தொழில் பதிவு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் பதிவு தமிழ்நாட்டில் இருக்கும்போது, பாண்டிக் கடைக்காரர் மத்திய வரி, புதுச்சேரி மாநில வரி என்று இரண்டாகப் பிரித்து பில் போட்டுவிட்டால் அந்த உள்ளீட்டு வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. வரி சேராத விலை 60 ஆயிரம் என்றால் 10,800 ரூபாய் போய்விடும். பில் போட்ட பிறகு மாற்றச் சொல்லி அலைவதை விட, முதலிலேயே பேசிவிடுங்கள், அல்லது கடலூரிலேயே வாங்கிவிடுங்கள்.

தேவனாம்பட்டினம் அலை | வெள்ளி, காலை 11.15

வாரண்டி பற்றி என் அனுபவம். முந்தைய லேப்டாப்பில் "ஆன்சைட்" (நம் இடத்துக்கே வந்து சரிசெய்வது) என்று எழுதியிருந்தது. வாங்கி எட்டாம் மாதம் திரையில் கோடு விழுந்தது. போன் செய்தால், உங்கள் பின்கோடுக்கு ஆள் வர முடியாது, கொண்டு வாருங்கள் என்றார்கள். இரண்டு முறை அலைந்து பத்தொன்பது நாள் மெஷின் இல்லாமல் இருந்தேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. ஒரே கம்பெனியிலேயே ஒரு மாடலுக்கு வீட்டுக்கு வருவார்கள், இன்னொன்றுக்கு வர மாட்டார்கள். வாங்குவதற்கு முன்பே அவர்களுடைய உதவி எண்ணுக்குப் போன் செய்து மாடல் எண்ணும் பின்கோடும் சொல்லிக் கேளுங்கள். பணம் கொடுத்துவிட்டுக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 9.15

வாங்கிவிட்டேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நேற்றுக் கடைக்கு வெறுங்கையோடு போகவில்லை. டி.எஸ்.சி. டோக்கன் ஒன்று, பென் டிரைவில் 40 ஆயிரம் வரி உள்ள ஒரு எக்செல் ஃபைல், பழைய லேப்டாப் பை மூன்றையும் எடுத்துப்போனேன். கடைக்காரப் பையன் முதலில் தயங்கினான், அப்புறம் அவனே ஆர்வமாக நின்று பார்த்தான். மூன்று மெஷினில் ஒன்றில் டோக்கனைச் செருகினால் இடது பக்கத் துளை பாதி திறந்து மூடும் வகை, இழுத்து இழுத்துச் செருக வேண்டியிருந்தது. தினம் நான்கு தடவை செருகி எடுக்கிற எனக்கு அது ஆறு மாதம் தாங்காது. இன்னொன்றின் திரையை வாசலுக்குத் திருப்பினேன், எக்செல் கட்டத்தின் கோடுகளே மறைந்துவிட்டன. மூன்றாவது திங்க்பேட் இ14. உயரத் திரை, 16 ஜிபி, உள்ளே இரண்டு ராம் ஸ்லாட், பக்கத்துக்கு ஒன்றாக அகல யு.எஸ்.பி., டைப்-சி சார்ஜர். என் பின்கோடுக்கு ஆள் வருவார் என்று போனில் உறுதி வாங்கிய பிறகுதான் கார்டைக் கொடுத்தேன். பட்ஜெட்டுக்குள் முடிந்தது.

நம்பர் பேட் தனியாக வயரோடு வாங்கினேன். உள்ளங்கை அளவு. அலுவலகத்தில் மட்டும் மாட்டிக்கொள்வேன்.

முதலியார்பேட்டை சர்வீஸ் | ஞாயிறு, இரவு 9.50

நல்லது அக்கா. டோக்கனைக் கையோடு கொண்டுபோனது அருமை, இனி என் கடைக்கு வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்லப் போகிறேன். பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்துகிற வசதி அதன் மென்பொருளில் இருக்கும். அலுவலக நாட்களில் அப்படி வையுங்கள், பாண்டி வரும் நாளுக்கு முந்தைய இரவு மட்டும் 100 ஏற்றுங்கள்.

கெடிலக்கரை | இரண்டு வாரம் கழித்து, சனி, காலை 8.05

ஒரு சின்ன விஷயம், டேலிக்காரர்கள் யாராவது படித்தால் உதவும். முதல் நாள் எஃப்5 அழுத்தினால் பேமென்ட் வவுச்சருக்குப் பதிலாகத் திரை மங்கியது. எஃப்8, எஃப்9 எதுவுமே சொன்னபடி கேட்கவில்லை. பதறிப்போய்விட்டேன். எஃப்என், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மேல்வரிசை பழையபடி வேலை செய்கிறது. இதில் மட்டுமல்ல, பல மாடல்களில் இதே வழிதான்.

20-ஆம் தேதி ரிட்டர்ன் எல்லாம் இதிலேயே போட்டேன். பாண்டி போன நாள் காலை 10-க்குத் தொடங்கி மாலை 4 வரை சார்ஜரை வெளியே எடுக்கவில்லை, 18 சதவீதம் மீதி இருந்தது. பை பாதியாக இளைத்துவிட்டது, டிஃபன் பாக்ஸும் அதிலேயே போகிறது. மாலையில் மகள்தான் சீக்கிரம் தரச் சொல்லி நச்சரிக்கிறாள்.

வாத்தியாரே, அவளுக்கு ஒரு டி480 பார்க்கலாம் என்று இருக்கிறேன். பேட்டரி ரிப்போர்ட் எப்படி எடுப்பது என்று சொல்லுங்கள்.

பாகூர் வாத்தியார் | சனி, காலை 8.40

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பாகூர் வாருங்கள் மேடம். என்னுடையதிலேயே எடுத்துக் காட்டுகிறேன், அவளும் கீபோர்டில் ஒரு பக்கம் தட்டிப் பார்க்கட்டும், அப்புறம் முடிவு செய்யலாம்.